சவச்சோதனை வல்லுநர் ஸர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி

நமது பத்திரிகையில் வெளிவரும் பெரியோர் சரித்திரங்களில் அரசரையும், புலவரையும், வள்ளல்களையும், சமய ஆசாரியரையும் குறித்து அன்பர்கள் பலர் எழுதி வந்திருக்கின்றனர். இம்மாதம் யாம் எடுத்துக்கொண்ட பெரியார் இவ்வகையினருள் எவரும் அல்லர். வைத்தியக் கல்வி கற்றவராயினும் நோய் தீர்த்துப் பெயர் பெற்றவரும் அல்லர். அவரிடம் கொண்டுவரப்பட்டோர் முன்னரே உயிர் நீத்தவர். இறந்தாருடைய உடலினின்றும் சிறு துணுக்குத் தசையை அறுத்தெடுத்து, மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கி, சாவு நேர்ந்த விதம் இன்னதென்று நியாயஸ்தலத்தில் உரைப்பதே அவர் தொழில். அவ்வுரையை நம்பி ஜூரிமார் தீர்ப்பளிக்கப் பலர் தூக்குமேடை ஏறினர். ஸர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி என்னும் இவரது வாழ்க்கையில் பாராட்டுதற்குரியனவும் உண்டு, அஞ்சுதற்குரியனவும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுதலே சரித்திரம் எழுதுவோர் கடமையாதலின் யாமும் அவ்வாறே செய்யத் துணிந்தனம். சவம், இரத்தம் என்னும் சொற்களைக் கேட்கவும் மனம் பொறாத அன்பர்கள் இக்கட்டுரையை உணவு வேளையில் படியாதிருப்பது நலம்.

ஸ்பில்ஸ்பரி இங்கிலாந்து தேசத்தில் வார்விக்ஷயரைச் சேர்ந்த லெமிங்டன் என்னும் ஊரில் 1877-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஸ்பில்ஸ்பரி இரசாயனப் பொருள்களை உற்பத்தி செய்யும் தொழிலினர். மைந்தர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் மாட்லின் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் பாடிங்டனிலுள்ள செயிண்ட் மேரி வைத்தியசாலையை அடைந்து வைத்தியக் கல்வி கற்கலாயினார். நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியராதலே அவர் முதற் கருத்து. ஆனால் அவ்வைத்தியசாலையில் அக்காலத்து நஞ்சு நூலில் வல்லவரான லப், வில்காக்ஸ் என்போரும், சவச்சோதனையில் கைதேர்ந்த பெப்பர் என்பவரும் ஆசிரியராய் இருந்தனர். அவர்தம் கூட்டுறவு ஸ்பில்ஸ்பரியின் மனத்தை வேறு வழியில் திருப்பிவிட்டது. நோயாளியின் படுக்கையருகே நிற்பதைவிடச் சோதனைச்சாலையில் மைக்ராஸ்கோப்பின்மேல் கவிந்திருப்பதே அவருக்கு இன்பமாயிற்று. 1905-இல் வைத்தியத் தேர்வில் தேறிய ஆண்டிலேயே, திடீர் மரணங்களைச் சோதிப்பதற்கென வைத்தியசாலைகள்தோறும் தக்கவர்களை நியமிக்குமாறு இலண்டன் கவுண்டி கவுன்சில் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவர் அப்பணியில் அமர்ந்தார். 1908-இல் எடித் ஹார்ட்டன் என்னும் மாதரை மணந்து, மூன்று புதல்வரையும் ஒரு புதல்வியையும் பெற்றார்.

இவ்விடத்தில், மைக்ராஸ்கோப்பின்கீழ்த் தசையை நோக்குதல் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறியாதவர்க்கு மேல்வரும் வழக்குகள் விளங்கா. உடலினின்று எடுத்த துணுக்கு அழுகிப் போகாதவாறு முதலில் பார்மலின் நீரில் இடுவர். பிறகு ஸ்பிரிட்டில் தோய்த்து அதிலுள்ள நீர்ப்பசையை நீக்கி, உருக்கிய மெழுகை அதனுள் ஊறவிட்டுக் கட்டியாக்குவர். அக்கட்டியைச் சீவுதற்கென்றே அமைந்த ஓர் இயந்திரத்தில் வைத்துச் சீவினால், ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறிட்டதில் ஒரு கூறு கனமுள்ள ஏடுகள் கிடைக்கும். அத்தகைய ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஹெமடாக்ஸிலின் என்னும் சாயத்தால் உயிரணுக்களின் கருவை நீலமாகவும், ஈயோஸின் என்னும் சாயத்தால் ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாகவும் தோய்த்தெடுத்தால், வெறுங் கண்ணுக்கு ஒரு சிறு கறைபோல் தோன்றுவது மைக்ராஸ்கோப்பில் ஒரு நகரத்தின் படம்போல் விரியும்.

தோலை இவ்வாறு நோக்குங்கால், மேற்றோலும், அதன்கீழ் அடித்தோலும், இடையிடையே மயிர்க்கால்களும், அவற்றை ஒட்டிய நெய்ச்சுரப்பிகளும், வியர்வைச் சுரப்பிகளும் தெரியும். முன்னர் அறுபட்டு ஆறிய இடத்திலோ இவை இரா. காயத்தை மூடிய புதுத் தசை வெறும் நார்களால் ஆனது. மயிர்க்காலை மீண்டும் உண்டாக்கும் வன்மை அதற்கில்லை. நமது கையிலோ முழங்காலிலோ உள்ள பழைய வடுவொன்றை நோக்கின் அதன்மேல் உரோமம் இல்லாதிருத்தலைக் காணலாம். இச்சிறு உண்மையே 1910-இல் ஒரு மனிதனுடைய உயிரை நிறுத்த தராசாயிற்று.

அமெரிக்க தேசத்தினின்று வந்து இலண்டனில் மருந்து விற்று வாழ்ந்தவன் ஹாலி ஹார்வி கிரிப்பன் என்பான். அவன் மனைவி கோரா. மேடையில் பாடும் தொழில்பற்றி அவளுக்குப் பெல் எல்மோர் என்ற பெயரும் உண்டு. 1910-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு, ஹில்டிராப் கிரசண்டு 39-ஆம் எண்ணுள்ள அவர்தம் இல்லத்தில் நண்பர் இருவர் விருந்துண்டு சென்றனர். அதன்பின் கோராவைக் கண்டவர் இல்லை. அவள் அமெரிக்கா சென்று இறந்தாள் எனக் கணவன் கூறிவந்தான். எதெல் லெ நீவ் என்னும் இளம்பெண் அவன் இல்லத்திற் குடிபுகுந்து, இறந்தவளின் நகைகளை அணிந்து வெளியே வந்தபோது நண்பர்களுக்கு ஐயம் பிறந்தது. இன்ஸ்பெக்டர் வால்டர் டியூ வந்து வினவிச் சென்றதும் இருவரும் ஓடிப்போயினர். ஜூலை 13-ஆம் தேதி நிலக்கரி வைக்கும் நிலவறையின் செங்கல் தளத்தைப் பெயர்த்தபோது, தலையும் எலும்பும் கைகால்களும் இல்லாத மனிதத் தசைகள், ஓர் ஆடவனது இராச்சட்டைத் துண்டுடன் அகப்பட்டன. ஓடியவர்கள் மாண்ட்ரோஸ் என்னும் கப்பலில், பெண் ஆணுடை தரித்து, கனடாவுக்குச் செல்வதைக் கப்பல் தலைவர் கெண்டால் கண்டறிந்து கம்பியில்லாத் தந்தி அனுப்பினார்; டியூ விரைவான வேறு கப்பலேறி முன்சென்று ஜூலை 31-ஆம் தேதி அவர்களைப் பிடித்தார். இந்தத் துரத்தலின் கதையையே பத்திரிகைகள் பெரிதாக்கின. எமக்கு வேண்டுவது அதன்பின் நிகழ்ந்தது.

தலையும் எலும்பும் இல்லாத தசைக் குவியலை இன்னாருடையது என்று எங்ஙனம் நிறுவுவது? ஆணா பெண்ணா என்றுகூட உறுப்புகளைக்கொண்டு சொல்லுதற்கில்லை. வில்காக்ஸ் அத்தசைகளில் ஹையஸின் என்னும் நஞ்சைக் கண்டார். கிரிப்பன் அவ்வாண்டு ஜனவரியில் அந்நஞ்சை 5 கிரெயின் வாங்கியிருந்தான். எனினும் இறந்தவள் கோராவே என்பதற்கு அது சான்றாகாது. குவியலில் சுமார் 7 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள ஒரு தோல் துண்டு இருந்தது. அதில் சுமார் 4 அங்குல நீளத்திற்கு ஒரு கோடு காணப்பட்டது. கோராவுக்கோ முன்னொரு காலத்தில் அடிவயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து வடு இருந்தது என்பதற்குச் சாட்சிகள் இருந்தனர். ஆகவே அக்கோடு வடுவாயின் கிரிப்பனுக்குத் தூக்கு. வெறும் மடிப்பாயின் அவன் தப்பவும் கூடும்.

அக்டோபர் 18-ஆம் தேதி தொடங்கிய விசாரணையில் 33 வயதினரான ஸ்பில்ஸ்பரி சாட்சிக்கூண்டில் ஏறினார். அதற்குமுன் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். தோலோடு ஒட்டியிருந்த தசைநாரின் அமைப்பால் அது அடிவயிற்றின் பகுதியே என்றும், கோட்டின் நடுவே மயிர்க்காலும் சுரப்பியும் இன்மையால் அது வடுவே என்றும் உரைத்தார். எதிரி தரப்பில் இலண்டன் வைத்தியசாலையைச் சேர்ந்த டர்ன்புல், வால் என்னும் இருவர் வந்தனர். அவர்கள் முதலில் அதனைத் தொடைத் தோல் எனக் கருதியவர்கள். குறுக்கு விசாரணையில் அக்கருத்து நிலைபெறவில்லை. எனினும் டர்ன்புல் கூறிய மற்றொரு மறுப்பு வலியுடையது. தகட்டில் மயிர்க்கால் காணப்படுகின்றது; மயிர்க்கால் இருப்பின் அது வடுவாகாதென்பது அவர் வாதம். ஸ்பில்ஸ்பரி அதற்கு விடையாக, அறுத்த தோலைத் தையலிடும்போது ஓரம் உள்மடிந்து சிறு துணுக்குகள் வடுவின் விளிம்பில் அகப்பட்டுக்கொள்வதுண்டென்றும், தகட்டில் உள்ளவை அத்தகையனவே என்றும் காட்டினார். அடுத்த அறையில் மைக்ராஸ்கோப்புகளை நிறுத்தி, ஜூரிமாரே தம் கண்ணால் தகடுகளை நோக்குமாறு செய்தனர். 22-ஆம் தேதி ஜூரிமார் 27 நிமிஷத்தில் குற்றவாளி என்று திரும்பி வந்தனர். நவம்பர் 23-ஆம் தேதி பெண்டன்வில் சிறையில் கிரிப்பன் தூக்கிலிடப்பட்டான்.

இவ்வழக்கில் ஸ்பில்ஸ்பரி செய்தது எமக்கு மிகவும் உவப்பானது. தாம் கண்டதை எதிர்க்கட்சி வைத்தியர் கையிலும் ஜூரிமார் கண்முன்னும் வைத்து, அங்ஙனம் கொள்வதற்குக் காரணமும் கூறினார். பன்னிரண்டு கடைக்காரரும் குமாஸ்தாக்களும் ஒரு கண்ணாடியில் கண்ணை வைத்து மயிர்க்காலையும் நாரையும் பிரித்தறிந்திருப்பரோ என்று கேட்போர் கேட்கலாம். அஃது உண்மையே, ஆயினும் பொருள் மறைவில் இல்லை.

அன்று முதல் அவர் புகழ் வளர்ந்தது. மனைவியர் மூவரை அடுத்தடுத்து நீராடுந் தொட்டியில் மூழ்குவித்துக் கொன்ற ஜார்ஜ் ஜோசப் ஸ்மித்தின் 1915-ஆம் ஆண்டு வழக்கிலும் அவர் சாட்சியம் பெரிதும் பயன்பட்டது. 1923-இல் ஸர் பட்டம் கிடைத்தது. 1924-இல் மாகன் என்பவனது கொலை வழக்கில், போலீஸார் அழுகிய தசைகளை வெறுங் கையால் எடுப்பதைக் கண்டு அவர் மனம் வருந்தியதன் பயனாகவே, கையுறை, இடுக்கி, குப்பி முதலியன அடங்கிய பை ஒன்று துப்பறிவோருக்கு ஏற்பட்டது. ஜூரிமார் அவரைக் கண்டமாத்திரத்தில் நம்பினர். உயர்ந்த உருவம், மலர் செருகிய சட்டை, ஐயமே இல்லாத தெளிந்த பேச்சு. இவை யாவும் அந்நம்பிக்கைக்குத் துணைசெய்தன. இந்த ஐயமின்மையிலேதான் தீங்கின் வித்தும் இருந்தது என்பது எம் கருத்து.

1925-ஆம் ஆண்டு வழக்கொன்றைக் கூறுவோம். ஸஸெக்ஸில் குரோபரோ என்னும் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருந்த நார்மன் தார்ன் என்னும் இளைஞனைத் தேடி, அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட எல்ஸி கேமரன் என்னும் பெண் 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி வந்தாள். பின்னர்க் காணாமற் போயினாள். ஜனவரியில் அவள் உடல் துண்டு துண்டாகக் கோழிக் கொட்டிலின்கீழ் அகப்பட்டது. தான் வெளியே சென்று மீளுங்கால் அவள் உத்தரத்தில் தூக்கிட்டுத் தொங்கினாள் என்றும், அஞ்சி உடலை வெட்டிப் புதைத்ததே தன் குற்றம் என்றும் தார்ன் கூறினான். ஸ்பில்ஸ்பரி உடலைச் சோதித்துப் பல அடித்தழும்புகளைக் கண்டு, அடியால் நேர்ந்த அதிர்ச்சியே சாவின் காரணம் என்றார். கழுத்திலிருந்த கோடுகள் பெண்களுக்கு இயல்பாக உள்ள மடிப்புகளே என்று தீர்மானித்து, அவ்விடத்துத் தசையை மைக்ராஸ்கோப்புக்கு எடுக்காமலே விட்டுவிட்டார்.

இது சிறு விஷயமன்று. உயிரோடிருப்பவரின் கழுத்தில் கயிறு இறுகினால் நுண்ணிய இரத்தக் குழல்கள் கிழிந்து, இரத்தம் தசையிடையே கசிந்திருத்தல் கூடும். உயிர் சிறிது நேரம் நின்றிருந்தால், வெள்ளணுக்கள் காயத்தை நோக்கித் திரண்டிருத்தலையும் காணலாம்; சில நாட்கள் கடந்த காயமாயின் இரத்தத்தின் இரும்பு ஒரு மஞ்சட் பழுப்புத் துகளாய்ப் படிந்திருக்கும். செத்தபின் ஏற்பட்ட கீறலில் இவ்வினைகள் நிகழா. வெறுங் கண்ணுக்கு மடிப்பும் கயிற்றுத் தடமும் ஒன்றுபோலத் தோன்றுமிடத்தில் பிரித்துக்காட்ட வல்லது இச்சோதனையே. பிப்ரவரி 24-ஆம் தேதி உடலை மீண்டும் தோண்டியெடுத்தபோது, எதிரி தரப்பின் டாக்டர் பிரான்டே என்பவர் கழுத்துத் தசையில் ஏடுகள் எடுத்து, அவற்றில் இரத்தக் கசிவைக் கண்டதாகக் கூறினார். ஸ்பில்ஸ்பரியோ, பல வாரம் மண்ணிற் கிடந்து அழுகிய தசையில் அணுக்களின் உருவமே சிதைந்துவிட்டதாகலின் அத்தகடுகளைக்கொண்டு ஒன்றும் சொல்லுதற்கில்லை என்று மறுத்தார். அதுவும் பொய்யன்று, அழுகிய தசை எத்துணை வல்லவரையும் ஏமாற்றும். ஆயின், ஜனவரியில் தசை ஓரளவு கெடாதிருந்த காலத்திலேயே ஏடு எடுத்திருந்தால் இச்சச்சரவு எழுந்திராதன்றோ?

பிரான்டேயின் பக்கம் வேறு வைத்தியர்களும் நின்றனர். ஆயினும் நியாயாதிபதி பின்லே, கிடைக்கக்கூடிய கருத்துக்களுள் ஸ்பில்ஸ்பரியின் கருத்தே தலைசிறந்தது என்னும்படி ஜூரிமாருக்கு எடுத்துரைத்தார். அரை மணிக்குள் தீர்ப்பு வந்தது. அப்பீலும் பயன்படவில்லை. ஏப்ரல் 22-ஆம் தேதி தார்ன் தூக்கிலிடப்பட்டான். அவன் நிரபராதி என்று யாம் சொல்ல வரவில்லை. உடலை வெட்டிப் புதைத்தவனிடம் இரக்கங் கொள்வது எளிதன்று. ஆனால் தகட்டுக்குப் பதிலாக ஒரு பெயர் நிறுக்கப்பட்டது என்னும் மனக்கலக்கம் அக்காலத்துச் சட்டப் பத்திரிகையிலும் தோன்றியது. எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலும் தீர்ப்பைக் குறித்து ஐயம் தெரிவித்தார்.

1930-இல் சிட்னி பாக்ஸ் வழக்கு வந்தது. மார்கேட் நகரத்து ஹோட்டலில் தீப்பிடித்த அறையிற் கிடந்த தன் தாயை அவனே கொன்றான் என்பது குற்றச்சாட்டு. அவ்வம்மையின் இன்ஷ்யூரன்ஸ் அன்றிரவு நள்ளிரவோடு முடிவடைவதாயிருந்தது. மூச்சுக்குழலில் கரிப்புகை இல்லாமையால் தீக்கு முன்பே உயிர் நீங்கியது என்பது பொருந்தும். ஆனால் கழுத்தை நெரித்ததற்கு ஸ்பில்ஸ்பரி காட்டிய சான்று, குரல்வளையின் பின்புறத்தில் தாம் கண்ட ஒரு கன்றிய தழும்பே. எடின்பரோ ஆசிரியர் ஸிட்னி ஸ்மித்தும் பிரான்டேயும் அக்குரல்வளையைச் சோதித்தபோது அத்தழும்பு அங்கில்லை. அழுகலால் மறைந்தது என்றார் ஸ்பில்ஸ்பரி. தழும்பு உண்மையாயின் தசைக்குள் இரத்தம் நின்றிருக்கவேண்டும் என்றும், அழுகலால் உண்டான நிறமாற்றமே அது என்றும் ஸ்மித் வாதித்தார். ஒருவர் மாத்திரம் கண்டு, பிறர் எவரும் காணவியலாத அக்கறைமேல் ஜூரிமார் நம்பிக்கை வைத்தனர். பாக்ஸ் ஏப்ரல் 8-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டான்.

எதிரி தரப்பில் சாட்சியம் அளித்தபோதும் அவர் சொல்லுக்கு இதே வலிமை இருந்தது. 1927-இல் எடின்பரோவில் தாயைச் சுட்டுக்கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட டொனால்டு மெரட் என்னும் இளைஞனுக்காக அவர் பேசினார். குற்றம் ருஜுவாகவில்லை என்னும் தீர்ப்பு வந்தது. அவனே 1954-இல் தன் மனைவியையும் மாமியாரையும் கொன்று, பின் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான்.

இவற்றைக்கொண்டு அவரைப் பணத்திற்கோ பகட்டிற்கோ வேலை செய்தவர் என்று எவரும் எண்ணலாகாது. தம் வாழ்நாளில் அவர் சோதித்த சவங்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டன என்பர். ஒவ்வொன்றன் விவரத்தையும் சிறு அட்டைகளில் தம் கையாலேயே எழுதிவைத்தார். பெரும்பாலானவை கொலையல்ல, இருதய நோயும், விஷவாயுவும், தெருவிபத்துமே. இரவும் பகலும் தனியே உழைத்தார்; அத்தனிமையே அவர் குறையுமாயிற்று. பக்கத்தில் இருந்து அவர் தகட்டை வாங்கி மாறுபட்டுரைக்கும் சீடர்கூட்டம் அவருக்கில்லை. எழுத எண்ணிய நூலும் எழுதப்படவே இல்லை.

அந்திமக் காலம் துன்பம் நிறைந்தது. 1940-இல் அவருக்குப் பக்கவாதம் கண்டது. அவ்வாண்டே வைத்தியராயிருந்த புதல்வர் பீட்டர், செயிண்ட் தாமஸ் வைத்தியசாலையில் ஜெர்மானியர் வீசிய குண்டுக்கு இரையானார். 1945-இல் மற்றொரு மகன் ஆலன் க்ஷயரோகத்தால் மாண்டார். இத்துயரங்களினிடையே 1943-இல் யுத்த இரகசியக் காரியம் ஒன்றிலும் அவர் யோசனை கேட்கப்பட்டது. பகைவரை ஏமாற்றுதற்குப் பொய்க் கடிதங்களுடன் ஒரு சவத்தை ஸ்பெயின் கடற்கரையில் மிதக்கவிடுவதே அக்காரியம். அச்சவத்தை மூழ்கி இறந்தவனுடையதெனக் காட்டுதல் இயலுமோ என்பதே அவரிடம் கேட்ட கேள்வி. கீல்வாதமும் தளர்ச்சியும் மிகுந்து, கைகளின் பழைய திறமை குன்றி, 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி மாலை, யூனிவர்ஸிடி கல்லூரியிலிருந்த தமது சோதனைச்சாலையில் தனியே அமர்ந்து, விளக்குவாயுவின் குழாயைத் திறந்துவிட்டு உயிர் நீத்தார். அப்போது வயது 70.

இதனோடு சரித்திரம் முடிந்திருக்கும்; ஆனால் கிரிப்பன் வழக்கின் தகடுகளுள் ஒன்று இலண்டன் வைத்தியசாலையின் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. 2007-இல் அமெரிக்காவின் மிஷிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில் டேவிட் போரன் என்பாரும் அவர் குழுவினரும் அத்தகட்டுத் தசையினின்று டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். தாய்வழியில் மட்டுமே இறங்கிவரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வைக் கோராவின் தாய்வழி உறவினரென்று கண்டறியப்பட்டவருடைய டி.என்.ஏ.வுடன் ஒப்பிட்டனர், பொருந்தவில்லை. மேலும் அத்தசை ஓர் ஆணுடையதென்றும் கண்டனர். இம்முடிவுகள் 2011-இல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தன.

இதனை ஏலாதாரும் உளர். நூறாண்டுக் காலம் பலர் கை பட்ட தகட்டில் அயலாருடைய மரபுப் பொருள் கலந்திருக்கலாம் என்றும், உறவுமுறை வரைந்ததிலேயே பிழை நேர்ந்திருக்கலாம் என்றும் அவர்கள் சொல்லுகின்றனர். தசைகளோடு கிடந்த இராச்சட்டையின் துணி 1908-ஆம் ஆண்டின் இறுதிக்கு முன் கடைக்கு வந்ததில்லை. கிரிப்பன் தம்பதிகளோ 1905 முதல் அவ்வில்லத்தில் வாழ்ந்தவர்கள். அங்ஙனமாயின் அங்கே புதைத்தவர் வேறு யார் என்னும் வினாவுக்கு இன்றுவரை தக்க விடை இல்லை. யாமும் கிரிப்பனை விடுவிக்கத் துணியோம். ஆனால் ஸ்பில்ஸ்பரியின் முதல் வழக்கை நூறாண்டுக்குப் பின்னும் ஒருவர் எதிர்த்துக் கேட்க முடிந்தது, தகடு இருந்ததனாலன்றோ? பாக்ஸின் தாயுடைய குரல்வளைத் தழும்பைக் குறித்து இனி எவரும் எதனையும் வைத்துக் கேட்பதற்கில்லை.

ஸ்பில்ஸ்பரி கையால் எழுதிய அட்டைகளில் பல 2008-இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்து, வெல்கம் நூல்நிலையத்தாரால் வாங்கப்பெற்றன. கிரிப்பனின் உறவினர் ஒருவர் வழக்கை மறுபடியும் ஆராயவேண்டுமெனக் குற்ற வழக்குகளை மீளாராயும் கமிஷனுக்கு விண்ணப்பித்தார். அவர் இறந்தவனுக்கு அத்துணை நெருங்கிய உறவினர் அல்லர் என்று 2009-இல் அக்கமிஷன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது.